டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ்

வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் (மார்ச் 12, 1864 - ஜூன் 4, 1922) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் உளவியலாளரும் மானிடவியலாளரும் ஆவார். நீலகிரியின் தோடர்கள் (தொதவர்) பற்றி 1906 ஆம் ஆண்டில் வெளியான விரிவான நூலை எழுதியவர். முதல் உலகப் போரில் மனம் பாதிக்கப்பட்ட படை அதிகாரிகளுக்குப் பேச்சின் வழியாகச் சிகிச்சை அளித்தவர். பிற பண்பாட்டினரின் நம்பிக்கைகளை அவர்களது நோக்கில் நின்று புரிந்துகொள்ளும் முறையை உளமருத்துவத்துக்கு அருகில் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவராக இவரைக் கருதலாம்.

இளமையும் முதல் ஆய்வுகளும்

ரிவர்ஸ் கென்ட் மாவட்டத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். வாழ்நாள் முழுவதும் இவருக்குத் திக்குவாய் இருந்தது. 1886 இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1898 இல் ஏ. சி. ஹாடன் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் பங்கேற்றார். பழங்குடியினருக்கு இயல்புக்கு மீறிய கூர்மையான புலன்கள் உண்டு என்றும், அதனாலேயே அவர்களது அறிவு வளரவில்லை என்றும் அக்காலத்து ஐரோப்பியர் பலர் நம்பினர். அத்தீவினரின் பார்வைக் கூர்மை ஐரோப்பியரினதிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை என்பதை இவரது சோதனைகள் காட்டின. உறவினர் பெயர்களை வரிசையாகக் கேட்டுக் குடிவழிப் பட்டியல் தயாரிக்கும் ஆய்வுமுறையையும் அங்கேதான் உருவாக்கினார்.

நீலகிரியில்

1901-02 இல் ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். அப்போது தோடர்களின் தொகை ஏறத்தாழ 800 மட்டுமே. அவர்கள் தனித்து வாழ்ந்தவர்கள் அல்லர். படகர்களிடமிருந்து தானியமும், கோத்தர்களிடமிருந்து மண்பாண்டமும் இரும்புக் கருவிகளும் பெற்று, பால்பொருள்களைத் தந்து வந்தனர். இந்தக் கொடுக்கல் வாங்கல்களையும் ரிவர்ஸ் பதிவு செய்தார்.

தோடர்களிடம் சகோதரர்கள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்தது. ஐரோப்பியர் பலர் இதனை ஒழுக்கக்கேடாகவே கண்டனர். ரிவர்ஸ் இதனை ஒழுங்கான விதிகள் கொண்ட ஓர் அமைப்பாக விளக்கினார். பெண் கருவுற்றிருக்கும்போது வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்பவரே பிறக்கும் குழந்தையின் தந்தை ஆவார். தந்தைமை இங்கே குருதியால் அன்றிச் சடங்கால் தீர்மானிக்கப்படுகிறது.

புனிதமான பாற்கூடங்களின் சடங்குகளை வெளியாருக்குச் சொல்லலாகாது என்பது தோடர் நம்பிக்கை. எனினும் மொழிபெயர்ப்பாளர்கள் துணையுடன் ரிவர்ஸ் அவற்றைக் கேட்டறிந்தார். இதற்குப் பின் தகவல் தந்தோர் சிலரது குடும்பங்களில் நோயும் சாவும் நேர்ந்தன. மறைபொருளை வெளியிட்டதே காரணம் எனத் தோடர்கள் கருதியதால் பலர் பேச மறுத்தனர். இதனை ரிவர்ஸ் தமது நூலிலேயே மறைக்காமல் எழுதினார். ஆயினும் சடங்குகளையும், பெயர்கள் அடங்கிய குடிவழிப் பட்டியல்களையும் அச்சிட்டார். இன்றைய ஆய்வு நெறிகளின்படி இது எளிதில் ஏற்கத்தக்கதன்று.

அவரது ஆய்வில் குறையும் இருந்தது. தோடர்களிடம் தாய்வழிக் குலப்பிரிவுகளும் உண்டு என்பது ரிவர்ஸின் கண்ணில் படவில்லை. 1930களில் தோடர் மொழியைக் கற்ற எம். பி. எமனோ அதனை வெளிப்படுத்தினார்.

போரும் உளமருத்துவமும்

1916 முதல் ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் போர் மருத்துவமனையில் ரிவர்ஸ் பணியாற்றினார். போர் அதிர்ச்சிக்கு உள்ளானோரைக் கோழைகள் என்று பலர் இகழ்ந்த காலம் அது. அஞ்சிய நினைவுகளை அடக்கி வைப்பது நோயை வளர்க்கும் என்றும், தாங்கக்கூடிய அளவில் அவற்றைப் பேசி எதிர்கொள்ள வேண்டும் என்றும் இவர் வலியுறுத்தினார். 1917 இல் போரை எதிர்த்து அறிக்கை வெளியிட்ட கவிஞர் சீக்ஃபிரிட் சசூன் இவரிடம் அனுப்பப்பட்டார். ரிவர்ஸ் அவரைப் பைத்தியமாகக் கருதவில்லை. ஆனால் குணமானவர் மீண்டும் போர்முனைக்குச் செல்ல வேண்டும் என்பதே பணி விதி. சசூனும் அவ்வாண்டு நவம்பரில் படைக்குத் திரும்பினார்.

இந்தப் பரிவான சிகிச்சை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கிரெய்க்லாக்கார்ட் அதிகாரிகளுக்கான மருத்துவமனை. பேச்சிழந்த சாதாரணப் படைவீரர்கள் சிலருக்கு லண்டனில் மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. அதிகாரிகளிடம் மனக்கலக்கமும், வீரர்களிடம் பேச்சிழப்பு, முடக்கம் போன்றவையும் மிகுதி எனக் கண்ட ரிவர்ஸ், இருசாராரின் கல்வியும் பயிற்சியும் வேறுபட்டதே இதற்குக் காரணம் என விளக்கினார்.

பிற்காலம்

நோயின் காரணம் பற்றிய நம்பிக்கையை அறிந்துகொண்டால், ஒரு சமூகத்தின் மருத்துவச் சடங்குகள் அறிவுக்குப் பொருந்தியவையாகவே தோன்றும் என்று ரிவர்ஸ் தமது சொற்பொழிவுகளில் வாதிட்டார். இவை 1924 இல் நூலாயின. 1922 இல் பதிப்பித்த ஒரு கட்டுரைத் தொகுப்பில், மெலனீசியத் தீவுகளில் மக்கள்தொகை குறைவதற்கு நோய்கள் மட்டும் காரணமல்ல என்றார். ஐரோப்பிய ஆட்சியினரும் சமயப் பரப்புநரும் மரபு வழக்கங்களை ஒழித்ததால் மக்கள் வாழ்வில் ஆர்வம் இழந்ததும் ஒரு காரணம் என்பது அவரது கருத்து.

அதே ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகத் தொகுதிக்குத் தொழிற்கட்சி வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். ஆனால் தேர்தலுக்கு முன்பே, குடலிறக்க நோயால் கேம்பிரிட்ஜில் காலமானார். அவருக்குப் பதிலாக எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் போட்டியிட்டார்.