வாட்டுக்குக் கிடைத்த அறை

ஜேம்ஸ் வாட் என்றவுடன், கெண்டியின் மூடி ஆவியில் துள்ளியதைக் கண்ட சிறுவனின் கதையே பலருக்கு நினைவு வரும். பாலபாடப் புஸ்தகத்திற்கு அது அழகுதான். ஆனால் வாட் பிறப்பதற்கு இருபத்து நான்கு வருஷங்களுக்கு முன்னரே, 1712-ல், நியூகோமன் என்பவர் அமைத்த நீராவி யந்திரம் சுரங்க நீரை இறைத்துக்கொண்டிருந்தது. வாட் செய்தது வேறு. அதைச் செய்ய அவருக்கு இடமளித்தது ஒரு சர்வகலாசாலை என்பதையே நாம் இங்கு கூறப் புகுந்தோம்.

1736-ல் ஸ்காட்லாந்தின் கிரீனக் துறைமுகத்தில் பிறந்த வாட், கணிதக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க லண்டன் சென்றார். ஏழு வருஷப் பயிற்சி வேண்டுமென்பது அக்கால விதி. அவரோ இருபது கினி கொடுத்து ஒரே வருஷத்தில் கற்று, உடல் நலிந்து 1756-ல் ஊர் திரும்பினார். கிளாஸ்கோவில் கடை வைக்க முயன்றபோது, முறைப்படி பயிற்சி பெறாதவர் என்று கம்மியர் சங்கத்தார் தடுத்தனர் என்று அவரது சரித்திரம் எழுதியோர் கூறுவர். வித்தை கையிலிருந்தும் பத்திரம் கையில் இல்லாதவனுக்கு எந்நாட்டிலும் இதுவே கதி போலும்!

ஜமெய்க்காவில் அடிமைகளின் உழைப்பால் செல்வந் திரட்டிய மக்ஃபார்லன் என்பவர் விட்டுச் சென்ற வானசாஸ்திரக் கருவிகள் அச்சமயம் கிளாஸ்கோ சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தன. அவற்றைச் செப்பனிட்ட வாட்டின் கைத்திறனை ஆசிரியர்கள் கண்டனர். 1757-ல், இருபத்தொரு வயது வாலிபரான அவருக்குத் தங்கள் மதிலுக்குள்ளேயே ஒரு பட்டறை அறை கொடுத்தனர். ரஸாயன போதகர் ஜோஸப் பிளாக்கும், ராபிஸன் என்ற மாணவரும் அவ்வறைக்கு வந்து அளவளாவுவர். பட்டம் பெற்றோரும் சுத்தி பிடித்தவரும் சரிசமானமாக அமர்ந்து பேசியதையே நாம் பெரிதென மதிக்கிறோம்.

1763-ன் இறுதியில், வகுப்பில் காட்டும் நியூகோமன் யந்திரத்தின் சிறு மாதிரியொன்றைப் பேராசிரியர் ஆண்டர்ஸன் பழுது பார்க்கக் கொடுத்தார். செப்பனிட்ட பின்னும் அது சில வீச்சுக்கள் ஆடி நின்றுவிட்டது. வேறொருவராயிருந்தால் கூலியை வாங்கிக்கொண்டு திருப்பித் தந்திருப்பார். வாட் ஆவியை அளந்து பார்த்தார். ஒவ்வொரு வீச்சிலும் உருளைக்குள் குளிர்ந்த நீர் பாய்ந்து ஆவியை நீராக்கியது. அதனால் உருளையும் குளிர்ந்தது. அதை மீண்டும் சூடேற்றுவதிலேயே ஆவியின் பெரும்பகுதி வீணாயிற்று. சிறிதளவு ஆவி இவ்வளவு நீரைச் சூடேற்றுவானேன் என்று அவர் வினவ, பிளாக் தாம் போதித்துவந்த உள்ளுறை வெப்பத்தின் தத்துவத்தை விளக்கினார். 1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ பசும்புல் வெளியில் உலாவுகையில் வழி புலப்பட்டது: ஆவியைத் தனிக் கலமொன்றுக்கு இழுத்து அங்கே குளிர்வித்தால், உருளை எப்போதும் சூடாகவே இருக்கும்.

யோசனை ஒரு நாளில் உதித்தது; யந்திரம் ஓடப் பதினொரு வருஷம் ஆயிற்று. பிளாக் தம் சொந்தப் பணத்தைக் கடனாகத் தந்தார். 1769-ல் பேடண்ட் கிடைத்தது. பங்காளியான ரோபக் 1773-ல் நொடித்துப் போனார். குடும்பத்தைக் காக்க வாட் கால்வாய்களுக்கு நிலமளந்து காலங்கழித்தார். பின்னர் பர்மிங்ஹாம் முதலாளி போல்டன் கைகொடுத்தார். வில்கின்ஸனின் துளைக்கும் யந்திரம் உருளையைப் பிசகின்றிக் குடைந்து தந்தது. 1776-ல் யந்திரங்கள் இயங்கின. மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றிலொரு பங்கே அவர்கள் கேட்ட கட்டணம்.

ஒன்றை மறைப்பது முறையன்று. சங்கத்தாரின் ஏகபோகத்தால் இன்னலுற்ற அதே வாட், 1800 வரை நீடித்த தம் பேடண்டைக் கொண்டு ஹார்ன்புளோவர் போன்ற பிற யந்திரக்காரர்களின் வழியை அடைத்தார். அவரிடம் நாம் வைத்துள்ள மதிப்பு இதனால் சற்றுக் குறையவே செய்கிறது.

எனினும், தமக்கு இடந்தந்த கலாசாலையை அவர் மறக்கவில்லை. 1808-ல் அங்குள்ள மாணவர்களுக்கென ஒரு பரிசு நிதி ஏற்படுத்தினார், 1819-ல் காலமானார். ஓடாமல் நின்ற அந்தச் சிறு மாதிரி, அக்கலாசாலையின் ஹண்டேரியன் காட்சிசாலையில் இன்றும் இருக்கிறது.