ஹக்ஸ்லியும் பறவையின் இறகும்

இங்கிலாந்தில் லண்டன் மாநகரையடுத்த ஈலிங் என்னும் ஊரில், கணித உபாத்தியாயர் ஒருவரின் புதல்வராக, 1825-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆந் தேதி தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி பிறந்தார். குடும்பத்தில் வறுமை மிகுந்தமையால் அவர் பள்ளியிற் பயின்றது இரண்டே ஆண்டுகள். எஞ்சிய கல்வியனைத்தும் தாமே தேடிக்கொண்டதாம். ஜெர்மன் மொழியையும் ஆசிரியரின்றியே கற்றார். பாடநூலன்றிப் பிறிதொன்றைத் தொட அஞ்சும் மாணவ நண்பர்கள் இதனைக் கருதுவார்களாக.

பின்னர் உபகாரச் சம்பளம் பெற்று, சேரிங் கிராஸ் வைத்தியசாலையில் மருத்துவம் பயின்றார். இருபதாம் வயதில், 1845-இல், மனித மயிரின் வேரைச் சூழ்ந்துள்ள உறையில் அதுகாறும் எவரும் காணாத ஒரு படலத்தைக் கண்டறிந்து வெளியிட்டார். அஃது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1846-இல் ராட்டில்ஸ்நேக் என்னும் போர்க்கப்பலில் உதவி வைத்தியராக அமர்ந்து ஆஸ்திரேலியக் கடல்களிற் சுற்றி, 1850-இல் மீண்டார். சிட்னி நகரில் ஹென்ரியெட்டா என்னும் நங்கையை மணஞ்செய்ய உறுதிகொண்டாராயினும், போதிய வருவாயின்மையால் இருவரும் 1855 வரை காத்திருக்க நேர்ந்தது. 1851-இல் ராயல் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது. ஆயினும் அப்பெருமை உணவளிக்கவில்லை. 1854-இல் சுரங்கக் கலாசாலையில் ஆசிரியப் பதவி கிடைத்த பின்னரே வாழ்க்கை நிலைபெற்றது. 1860-இல் தலைமகன் நான்கு வயது நிரம்புமுன் காய்ச்சலால் மாண்டான். அத்துயரம் அவரை விட்டு நீங்கவேயில்லை.

டார்வினுடைய கொள்கைக்கு அவர் துணைநின்ற வரலாறு யாவரும் அறிந்ததே. அவரது ஆராய்ச்சித் திறன் பறவைகளின் விஷயத்திலேயே சிறப்பாக விளங்கிற்று என்பது எம் கருத்து. 1861-இல் ஜெர்மனியில் பவேரியா நாட்டுச் சுண்ணாம்புப் பாறையில் ஒற்றை இறகின் பதிவு ஒன்று அகப்பட்டது. அதன்பின் இறகுகளோடு கூடிய எலும்புக்கூடும் கிடைத்தது. ஆர்க்கியாப்டெரிக்ஸ் எனப் பெயர் பெற்ற இப்பிராணி சுமார் 15 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது. இதற்கு இறகு உண்டு. பல்லிக்கு இருப்பது போன்ற நீண்ட எலும்பு வாலும், விரல்களில் நகங்களும் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தார் இதனை விலைகொடுத்து வாங்க, அக்காலத்து உடற்கூற்று நூலாரில் பெரும்புகழ் பெற்ற ரிச்சர்ட் ஓவன் ஆராய்ந்து, இது பறவையே என முடிவுகட்டினார்.

ஹக்ஸ்லி அக்கல்லை மறுபடியும் ஆராய்ந்து, ஓவன் இடக்காலை வலக்காலோடு மயங்கியதை 1868-இல் எடுத்துக்காட்டினார். அவ்வளவில் நில்லாது, அதே பாறையிற் கிடைத்த காம்ப்ஸோக்னாதஸ் என்னும் சிறிய டைனோசாரின் பின்கால்களையும் இடுப்பையும் பறவையினுடையவற்றோடு ஒப்பிட்டு, ஊர்வனவற்றுக்கும் புட்களுக்கும் இடைப்பட்ட பாலம் டைனோசார்களே எனத் துணிந்தார். எனினும் ஒரு கண்ணி விடுபட்டிருந்தது. காம்ப்ஸோக்னாதஸுக்கு இறகு இருந்ததற்குச் சான்று ஒன்றுமில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அவருக்குப் பின் அக்கருத்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது. ஹக்ஸ்லியோ 1895-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆந் தேதி ஈஸ்ட்போர்னில் காலமானார்.

அவர் வேண்டிநின்ற சான்று 1996-இல் சீனாவின் லியாவ்நிங் மாகாணத்தில் வெளிப்பட்டது. சைனோசாரோப்டெரிக்ஸ் என்னும் அவ்விலங்கு, காம்ப்ஸோக்னாதஸைப் பெரிதும் ஒத்த சிறு டைனோசார். அதன் முதுகிலும் வாலிலும் மெல்லிய இழைகள் அடர்ந்திருந்தன. பறப்பதற்கு அவை உதவா.

அவ்விழைகள் இறகாதல் எங்ஙனம் என்பதற்கு முட்டைக்குள் வளரும் கோழிக்குஞ்சே விடை தருகின்றது. முதலில் தோல் ஓரிடத்தில் தடித்து, சிறு மொட்டாக எழும். மொட்டின் அடிப்புறம் தோலுக்குள் அமிழ்ந்து குழியாகும். அக்குழியிலிருந்து வளர்வது தட்டையான செதிலன்று, உட்டுளையுடைய குழல். குழலின் உட்சுவர் நீளவாட்டில் பல வரம்புகளாகப் பிரியும். புறவுறை உரிந்ததும் அவை விரிந்து தூவியாம். பின்வரும் இறகுகளில் அவ்வரம்புகள் ஒருபுறம் சாய்ந்து கூடி நடுத்தண்டாகின்றன. இவ்வளர்ச்சி முறையைக் கொண்டு, முதலில் வெறுங்குழல், அடுத்து இழைக்கொத்து, பின்னரே தண்டும் தகடும் என இறகு படிப்படியாகத் தோன்றியிருத்தல் வேண்டுமென அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் பிரம் 1999-இல் விளக்கினார். சீனப்பாறைகளில் அப்படிகளை ஒத்த வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்துள்ளன.