அறிவியல் மேதை கே. எஸ். கிருஷ்ணன்

நாள்தோறும் கண்விழித்ததும் அண்ணாமலையின் உச்சியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். நம் ஊரைப் போலவே மலையடிவாரத்தில் அமைந்த ஊர் வத்திராயிருப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. அங்கே 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவரே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். தந்தையார் தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். அச்செல்வமே மகனுக்கும் வாய்த்தது.

அறிவியல் நாளன்று எங்கள் ஆசிரியை வகுப்பில் ஒரு வினா எழுப்பினார். இராமன் விளைவைக் கண்டறிந்தபோது சர். சி. வி. இராமனுடன் இருந்து உழைத்தவர் யார் என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்தோம். ஒரு தமிழரின் பெயர் தமிழ்ப் பிள்ளைகளாகிய எங்களுக்குத் தெரியவில்லையே என்ற வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஊர்ப் பள்ளியிலும் திருவில்லிபுத்தூரிலும் பயின்ற கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். 1920இல் கல்கத்தா சென்றார். 1923இல் இராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். ஒளி ஒரு பொருளினூடே செல்லும்போது அதில் மிகச் சிறிய பகுதி நிறம் மாறிச் சிதறுகிறது. 1928 பிப்ரவரி 28இல் அறியப்பட்ட இவ்வுண்மைக்காக அல்லும் பகலும் உழைத்தவர் கிருஷ்ணன். கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. ஆயினும் 1930இல் நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது. விளைவுக்கும் அவர் பெயரே நிலைத்தது.

வேறொருவராயின் மனம் சோர்ந்திருக்கக்கூடும். கிருஷ்ணனோ 1928லேயே டாக்கா பல்கலைக்கழகம் சென்று, தமக்கென ஒரு புதுத்துறையைத் தேர்ந்துகொண்டார். அதுவே படிகங்களின் காந்தவியல்.

லாடக் காந்தம் இரும்பாணியை இழுப்பதை நாம் அறிவோம். துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையை அதனருகில் வைத்தால் ஒன்றும் நிகழ்வதாகத் தெரியாது. ஆயினும் அதிலும், நம் ஆய்வகத்தில் உள்ள நீலநிற மயில்துத்தத்திலும் மிக மிக நுண்ணிய காந்தத்தன்மை உண்டு. படிகத்தின் ஒரு திசையில் அது சற்றுக் கூடுதலாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் இருக்கும். இந்த வேறுபாட்டை அளப்பது எவ்வாறு?

கிருஷ்ணன் கையாண்ட வழி எளிமையானது. தலைமயிரினும் மெல்லிய குவார்ட்சு இழையில் ஒரு சிறு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். படிகம் தனக்கு உகந்த திசையில் திரும்பி நின்றது. பிறகு இழையின் மேல்நுனியை மெல்ல மெல்ல முறுக்கினார். படிகம் ஓர் எல்லைவரை பிடிவாதமாக நின்று, திடீரெனப் புரண்டது. புரள்வதற்கு எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்பதைக் கொண்டே அந்நுண்ணிய வேறுபாட்டைக் கணக்கிட்டார். பானர்ஜி, குகா ஆகியோருடன் இவ்வாறு அளந்து, பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன் போன்ற பொருள்களின் மூலக்கூறுகள் படிகத்துக்குள் எப்படிச் சாய்ந்துள்ளன என்று கூறினார்.

1933இல் மீண்டும் கல்கத்தா வந்து, மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். அங்கே முகர்ஜியுடன் மயில்துத்தத்தை ஆராய்ந்து, அதன் தாமிர அயனிகளைச் சுற்றி அணுக்கள் அமைந்துள்ள முறையைக் காந்த அளவைகளால் விளக்கினார். அத்தாமிர அயனி ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தமே.

அக்குட்டிக் காந்தங்கள் இன்றும் அறிஞர்களை வியப்பில் ஆழ்த்துகின்றன. சில பொருள்களில் தாமிர அயனிகள் ஏணி வடிவில் வரிசையாக அமைந்துள்ளன. 1990களில் இவை பெரிதும் ஆராயப்பட்டன. இரண்டு கால் உள்ள ஏணியில் எதிரெதிர் நிற்கும் காந்தங்கள் இணைசேர்ந்து ஒன்றையொன்று அடக்கிவிடுவதால், கடுங்குளிரில் பொருளின் காந்தத்தன்மையே ஏறத்தாழ மறைகிறது. மூன்று கால் ஏணியில் அவ்வாறு மறைவதில்லை. காலையில் நாம் இருவர் இருவராகக் கைகோத்து வரிசையில் செல்லும்போது, மூன்றாமவள் துணையின்றி நிற்பதைப் போன்றது இது. கிருஷ்ணன் காலத்தில் இவ்வேணிகள் அறியப்படவில்லை. ஆனால் ஒரு படிகத்தைத் திசை திசையாகத் திருப்பி, அதன் காந்தத்தைக் கேட்டறியும் அவருடைய வழி இத்துறைக்கும் உதவுகிறது.

புகழ் அவரைத் தேடி வந்தது. 1940இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1946இல் சர் பட்டம் பெற்றார். 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதலாவது பட்நாகர் விருதும் அவரை அணிசெய்தன. எத்தனை உயர்வு வந்தபோதும் தாய்மொழியை அவர் மறக்கவில்லை. தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1961 ஜூன் மாதம் இறைவனடி சேர்ந்தார்.

சென்ற மாதம் ஆய்வகத்தில் தையல் நூலில் ஒரு மயில்துத்தத் துண்டைக் கட்டிக் கரைசலில் தொங்கவிட்டோம். பல நாள் காத்திருந்த பின்பே அது படிகமாய் வளர்ந்தது. அதைக் கையில் ஏந்தியபோது கிருஷ்ணனின் குவார்ட்சு இழை எங்கள் நினைவுக்கு வந்தது.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் எந்தப் பிரிவு எடுப்பது என்ற கவலை எங்கள் எல்லோருக்கும் உண்டு. பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வரும் எங்களில் சிலர், அறிவியல் நமக்கு எட்டாது என்று ஒதுங்க நினைத்ததும் உண்மை. வத்திராயிருப்புச் சிறுவனுக்கு எட்டியது நமக்கு மட்டும் ஏன் எட்டாது? கண்ணுக்குத் தெரியாத விசையையும் பொறுமையுடையோர் அளக்க முடியும். பெயர் முன்னே நிற்காவிட்டாலும் உழைப்பு வீண்போகாது. இவ்விரு பாடங்களையும் நெஞ்சில் நிறுத்தி, தோழியரே, துணிந்து முன்னேறுவோமாக!