இறாலின் பிறப்பறிந்த முல்லர்

கடல்நீரைச் சிறிது முகந்து உருப்பெருக்கியின் வழியே நோக்கின், நுண்ணுயிர்கள் பல அதில் நீந்தக் காணலாம். அவற்றுட் சில வளர்ந்து நண்டாகும், சில இறாலாகும். ஆயினும், தாயின் சாயல் சிறிதும் இல்லாத அவற்றைக் கண்டு, இஃது இன்னதன் குஞ்சு எனத் துணிதல் எளிதன்று. இறாலின் பிறப்பைப் பற்றிய இப்புதிரை விடுவித்தவர் பிரிட்ஸ் முல்லர் என்னும் செருமானிய அறிஞர்.

முல்லர் 1822ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள், எர்பர்ட் நகரை அடுத்த சிற்றூரில் சமயக் குரு ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றபின், மருத்துவமும் பயின்று தேர்ந்தார். மருத்துவப் பட்டம் பெறுவோர் கூறவேண்டிய உறுதிமொழியில் சமயச் சொற்கள் சில இருந்தன. உள்ளம் ஒப்பாததை வாயாற் கூற அவர் இசையவில்லை. வேறு சொற்களால் உறுதிகூற இசைவு வேண்டினார், அது கிடைக்கவில்லை. பட்டத்தைத் துறந்தாரே அன்றி, வாய்மையைத் துறந்தாரிலர்.

1852இல் அவர் பிரேசில் நாட்டிற் குடியேறி, புளூமெனோ என்னும் ஊரில் காடு திருத்திப் பயிர் செய்தார். 1856 முதல் கடற்கரை நகராகிய தெஸ்தெரோவில் கணித ஆசிரியராக விளங்கினார். அந்நகரின் இன்றைய பெயர் புளோரியானோபோலிஸ் என்பதாகும்.

உயிரினங்கள் ஒரு மூலத்தினின்று கிளைத்தவை என விளக்கும் டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தது. அக்கொள்கையைக் கேட்ட அளவில் முல்லர் ஏற்றுக்கொள்ளவில்லை. இறால், நண்டு முதலிய ஓட்டுடலிகளைக் கொண்டு சோதித்தறியப் புகுந்தார். பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு முதலியவை நாப்ளியஸ் என்னும் இளம்பருவத்தோடு பிறத்தலை அறிஞர் அறிந்திருந்தனர். இறால் போன்ற உயர்ந்த ஓட்டுடலிகளிலோ அப்பருவம் காணப்பட்டதில்லை.

முல்லர் தெஸ்தெரோக் கடலில் நாப்ளியஸ் ஒன்றைக் கண்டெடுத்தார். அதற்கு ஒற்றைக் கண்ணும் மூவிணை உறுப்புகளுமே இருந்தன. இன்று அது துடுப்பாக வீசி நீந்தும் அவ்வுறுப்புகளே, நாளடைவில் இருவகை உணர்கொம்புகளும் தாடையும் ஆகின்றன. அதனினும் சற்று வளர்ந்தவை, பின்னும் வளர்ந்தவை என ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வரிசைப்படுத்தினார். நாப்ளியஸ், தோலுரித்துத் தோலுரித்து, ஸோயியா, மைசிஸ் என்னும் பருவங்களைக் கடந்து இறாலாதல் புலனாயிற்று! பாறையைப் பற்றிய கொட்டலசும் துள்ளித் திரியும் இறாலும் ஒரே உருவில் வாழ்வைத் தொடங்குதல், அவை உறவினவாதலைக் காட்டிற்று.

இவ்வாய்வினை விரித்து அவர் இயற்றிய நூல் 1864இல் வெளிவந்தது. டார்வின் பெரிதும் மகிழ்ந்து, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1869இல் வெளிவர ஏற்பாடு செய்தார். இளம்பருவம் முன்னோரின் உருவையே காட்டும் என்ற கருத்தைப் பிற்காலத்தார் முற்றும் ஏற்றிலர். எனினும், நாப்ளியஸ் ஓட்டுடலிகளின் உறவுக்குச் சான்றாதல் இன்றும் நிலைபெற்றுள்ளது. நேரிற் காணாமலே அவ்விருவரும் டார்வினின் இறுதிக்காலம்வரை மடல் வழியே நட்புப் பேணினர். 1880இல் பெருவெள்ளத்தில் முல்லர் இடருற்றபோது டார்வின் பொருளுதவி செய்ய முன்வந்தார். முல்லர் அதனை ஏற்றாரிலர்.

1876 முதல் அவர் பிரேசில் தேசிய அருங்காட்சியகத்தின் ஆய்வாளராகப் பணியாற்றினார். தலைநகரில் வந்து வாழுமாறு பணித்தபோது, தம் ஆய்வுக்களத்தைப் பிரிய இசையாமையால் 1891இல் அப்பதவியை இழந்தார். 1897ஆம் ஆண்டு மேத் திங்கள் 21ஆம் நாள் புளூமெனோவில் இயற்கை எய்தினார்.

பட்டமும் பதவியும் அவரை விட்டு நீங்கின, வாய்மை நீங்கவில்லை. நம்பாததைக் கூறாமையும், ஆராயாததை நம்பாமையும் அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்களாகும்.