புளித்த பால் குடித்த விஞ்ஞானி

இலியா மெச்னிகாவ் 1845-ம் ஆண்டு கார்க்கோவ் நகருக்கு அருகே பிறந்தார். அன்று அது ருஷிய மன்னரின் ஆட்சியில் இருந்தது. இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது.

இளம் வயதிலேயே பேராசிரியர் ஆனார். ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. முதல் மனைவி லுட்மிலாவுக்குக் காசநோய். திருமணத்தன்றே அவரை நாற்காலியில் வைத்துத்தான் தூக்கி வந்தார்கள். 1873-ல் அவர் இறந்தார். இரண்டாவது மனைவி ஓல்காவுக்கு 1880-ல் டைபாய்டு காய்ச்சல். அவர் பிழைத்துக்கொண்டார்.

நோய் வந்தவர்களில் சிலர் சாகிறார்கள், சிலர் பிழைக்கிறார்கள். ஏன்?

விடை கடற்கரையில் கிடைத்தது. 1882-ல் இத்தாலியில் உள்ள மெசினா நகரில் மெச்னிகாவ் தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். குரங்கு வித்தை என்றால் யாருக்குத்தான் ஆசை இராது! அவர் மட்டும் போகவில்லை. நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி போல இருக்கும். உள்ளே நடப்பது வெளியே தெரியும். தோட்டத்தில் ரோஜா முள்ளைப் பறித்து, அந்தக் குஞ்சின் உடலில் குத்தி வைத்தார். இரவு முழுவதும் தூக்கம் இல்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். முள்ளைச் சுற்றிச் சின்னஞ்சிறு உயிரணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன!

கிருமிகளை விழுங்கும் படை உடலுக்குள்ளேயே இருக்கிறது என்று அறிவித்தார். நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள்தான் அந்தப் படை. பலர் எதிர்த்தார்கள். அவர் அசையவில்லை. 1888-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்தார். 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு பெற்றார்.

அதற்கு முன்பே அவர் கவனம் குடல் பக்கமும் திரும்பியிருந்தது. பெருங்குடல் கிருமிகள் நஞ்சை உண்டாக்குகின்றன, அதனால்தான் முதுமை வருகிறது என்று நம்பினார். பல்கேரியாவில் தயிர் உண்ணும் குடியானவர்கள் நெடுநாள் வாழ்வதாகக் கேள்விப்பட்டு, தாமும் தினமும் புளித்த பால் குடித்தார். தயிர் நல்ல உணவுதான். ஆயுளை நீட்டும் மருந்து அல்ல. 1916-ல், 71-வது வயதில், இதயநோயால் இறந்தார். இறந்தபின் தம் குடலைக் கவனமாகப் பரிசோதிக்கும்படி டாக்டர் நண்பரிடம் சொல்லிவிட்டே கண்ணை மூடினார்.

குடல் கிருமிகள் எல்லாமே எதிரிகள் அல்ல. வெள்ளை அணுக்களைத் தூண்டிவிட்டுப் புற்றுநோயை எதிர்க்கும் மருந்துகள் பின்னாளில் வந்தன. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நோயாளிகளுக்கு அவை சரியாக வேலை செய்யவில்லை என்று, 2018-ல் பாரிசுக்கு அருகே உள்ள குஸ்தாவ் ரூசி ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்த மருந்து நோய்க்கிருமியோடு நல்ல கிருமிகளையும் கொன்றுவிடுகிறது. அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் தனித்தனியே நடந்த இரண்டு சோதனைகளின் முடிவுகள் 2021-ல் வெளியாயின. குணம் கண்டவர்களின் மலத்திலிருந்து எடுத்த கிருமிகளை, குணம் காணாத தோல் புற்றுநோயாளிகளின் குடலில் செலுத்தி, அதே வகை மருந்தை மறுபடி கொடுத்தார்கள். பலருக்குப் பலன் இல்லை. சிலருக்குக் கட்டி சுருங்கியது.