பணம் கொடுப்பவர் நோயாளி அல்லர்

சில ஆண்டுகளுக்கு முன், என் வீட்டு வாசலில் நின்ற வேப்பமரத்தை மொட்டையடிக்கச் சொன்னவன் நான். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கிளைகள் மாடிக்கு மேல் படர்ந்திருந்தன. அரிவாளும் கயிறுமாக வந்த தொழிலாளி மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இரண்டு கிளைகளை மட்டும் எடுத்தால் போதுமே என்று தயங்கினார். முழுவதும் எடுத்தால்தான் கூலி என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவர் மறுபேச்சின்றி ஏறினார். மாலையில் வாசலில் மிஞ்சியது அடிமரமும் நான்கு கட்டைகளுமே. மூன்றே ஆண்டுகளில் மரம் பழைய உயரத்தை எட்டிவிட்டது. அடுத்து வந்த மழைக்காற்றில், புதிதாக வளர்ந்த கிளையொன்று அடியோடு பிய்ந்து சுற்றுச்சுவர் மீது விழுந்தது.

அன்று தவறு செய்தது யார்? வெட்டியவரா, வெட்டச் சொன்ன நானா? இந்தக் கேள்வியோடு மரங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் ஜான் டேவியின் வாழ்க்கை எனக்கு அறிமுகமாயிற்று. மர அறுவை மருத்துவத்தின் தந்தை என்று அமெரிக்காவில் போற்றப்படும் அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது.

இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் 1846 ஜூன் 6 அன்று பிறந்தவர் டேவி. பண்ணை வேலைகளுக்கு நடுவே வளர்ந்த அவருக்குப் பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை. செய்தால் செம்மையாகச் செய்யவேண்டும், இல்லையெனில் அதில் கைவைக்கவே கூடாது என்பது இளமையில் தந்தையிடம் பெற்ற பாடம். ஏறத்தாழ இருபது வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதிருந்தவர், டார்க்கி என்ற கடலோர நகரில் தோட்டக்கலை பயின்றபோதுதான் தாமாகவே எழுத்தைக் கற்றுக்கொண்டார். 1873இல் அமெரிக்காவில் குடியேறி, ஒஹாயோ மாநிலத்தின் வாரன் நகரில் பள்ளிக்கூடமொன்றின் துப்புரவு, பராமரிப்பு வேலைகளைச் செய்து வாழ்க்கையைத் தொடங்கினார். 1880களில் அருகிலுள்ள கென்ட் நகருக்குச் சென்று, அங்கிருந்த கல்லறைத் தோட்டத்தைப் பேணும் பொறுப்பை ஏற்றார். கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த இடத்தைப் பூங்காவைப்போல் மாற்றிக் காட்டினார்.

அக்காலத்தில் மரவேலை என்றால் வெட்டுவது மட்டும்தான். கோடரி பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் தெரு மரங்களில் ஏறினர். நிழல் அதிகம், உயரம் அதிகம், இலைக்குப்பை அதிகம் என்று வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் தலையை அறுத்தெறிந்து கூலி பெற்றுச் சென்றனர். இந்த வழக்கத்தைச் சாடிய டேவி, தமக்கு மர மருத்துவர் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். அதே பெயரில் 1901இல் ஒரு நூலையும் கடன்பட்டுத் தம் செலவிலேயே வெளியிட்டார். சிதைக்கப்பட்ட மரங்களின் புகைப்படங்கள் அதில் நிறைந்திருந்தன.

அவர் கண்ணால் கண்ட கேட்டின் காரணங்களைப் பிற்கால அறிவியல் தெளிவாக விளக்கிவிட்டது. இலைகளே மரத்தின் சமையலறை. மொத்தமாக அவற்றை இழந்த மரம், வேரிலும் தண்டிலும் சேமித்த உணவைச் செலவிட்டு, உறங்கிக் கிடந்த மொட்டுகளைத் தட்டியெழுப்புகிறது. வெட்டிய கட்டையைச் சுற்றிக் கொத்துக்கொத்தாக நீர்ப்போத்துகள் கிளம்புகின்றன. பார்ப்பவர் அதைச் செழிப்பு என்று எண்ணுகிறார். உண்மையில் அது பட்டினியில் துடிக்கும் உயிரின் கடைசிச் சேமிப்பு. இயல்பான கிளை ஆண்டுதோறும் தண்டோடு பின்னிப் பிணைந்து வளர்கிறது. நீர்ப்போத்தோ தண்டின் மேலடுக்கில் மட்டுமே ஒட்டியிருக்கிறது. கிளையின் நடுவே அறுத்த பெரிய காயமும் எளிதில் மூடாது. அதன் வழியே உளுத்தல் உட்புகும். ஆக, உயரம் குறையவேண்டும், ஆபத்து குறையவேண்டும் என்று செய்யப்படும் வேலை, சில ஆண்டுகளில் அதே உயரத்தையும் அதைவிடப் பெரிய ஆபத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. என் சுற்றுச்சுவர் இதற்குச் சாட்சி.

இளமையிலிருந்தே ஒரே இடத்தில் முறையாகக் கழித்து, அங்கே முண்டு உருவாக்கி மரத்தைப் பேணும் பழைய ஐரோப்பிய வழக்கம் ஒன்று உண்டு. அது வேறு; வளர்ந்த மரத்தின் தலையைத் திடீரென அறுப்பது வேறு. உயரத்தைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால், அகற்றப்படும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக் கிளைவரை வெட்டி நிறுத்தலாம் என்கிறது இன்றைய கவாத்து முறை. பொறுப்பை ஏற்க ஒரு கிளையை விட்டுவைத்து வெட்டுவதே அதன் சாரம்.

இதெல்லாம் தெரிந்த ஒருவரிடம் வாடிக்கையாளர் வந்து, மரம் என்னுடையது, பணமும் என்னுடையது, சொன்னதைச் செய் என்றால் என்ன செய்வது? நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்யத்தான் போகிறான் என்பது வழக்கமான சமாதானம். டேவி தேர்ந்துகொண்ட மருத்துவர் என்ற சொல்லிலேயே இதற்கு விடை இருப்பதாக நான் கருதுகிறேன். வெட்டுபவருக்கு வாடிக்கையாளர் ஒருவர்தான். மருத்துவருக்கோ பணம் கொடுப்பவர் ஒருவர், நோயாளி வேறொருவர் என்று ஆகலாம். குழந்தையின் தந்தை கட்டணம் செலுத்துகிறார் என்பதற்காக, குழந்தைக்குக் கேடு என்று தெரிந்த சிகிச்சையை எந்த மருத்துவரும் செய்யக்கூடாது. இன்னொரு மருத்துவர் செய்துவிடுவார் என்பது அங்கே நியாயமாகாது. கேட்டவரின் விருப்பத்துக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்ளும்போதுதான் ஒரு வேலை தொழில்நெறி உடையதாகிறது. மொட்டையடித்தலை ஏற்கத்தகாத முறை என்று இன்று அமெரிக்கக் கவாத்துத் தரவிதிகள் ஒதுக்கிவைத்திருக்கின்றன.

ஆனால், வெட்டுபவரின் மனசாட்சி மீது மட்டும் முழுச்சுமையையும் ஏற்றுவது நேர்மையாகாது. அன்றாடக் கூலியை நம்பியிருப்பவரிடம் மறுத்துவிடு என்று உபதேசிப்பது எளிது. அவர் வீட்டு அடுப்பு அந்தக் கூலியில்தான் எரிகிறது. டேவி வெட்டுபவர்களோடு நின்றுவிடவில்லை என்பதில்தான் எனக்கு அவர்மீது மதிப்பு கூடுகிறது. மரத்தின் உரிமையாளர்களுக்காக நூல் எழுதினார். ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். 1909இல் அவருடைய நிறுவனம் முறையாகப் பதிவானது. அதே ஆண்டில் பணியாளர்களுக்கு மரவியல் கற்பிக்கும் பயிற்சிப் பள்ளியும் கென்ட் நகரில் தொடங்கியது. கேட்பவர் அறியாமல் செய்பவர் மட்டும் அறிந்து பயனில்லை என்பதே இம்முயற்சிகளிலிருந்து நான் கற்றுக்கொண்டது.

அவர் வாழ்க்கையில் மறைக்கக்கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. மரப்பொந்துகளைச் சுரண்டித் தூய்மைசெய்து, சிமெண்ட் வைத்து அடைக்கும் முறையைப் பெரிதும் பரப்பியவர் டேவிதான். மக்கள் அதை விரும்பிக் கேட்டனர். அவரும் நல்லதென்று நம்பியே செய்தார். 1923 நவம்பர் 8 அன்று அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், அமெரிக்க வனத்துறை அறிவியலாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து ஆராய்ந்தார். மரம் மனிதரைப்போலக் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. உளுத்த பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது என்று காட்டினார். பொந்தைச் சுரண்டுபவர் அந்தத் தடுப்பையே உடைத்துவிட நேர்கிறது. மரத்தைக் காக்கப் புறப்பட்டவரின் கையாலேயே மரங்களுக்குத் தீங்கு நேர்ந்திருக்கிறது.

இதனால் டேவி சிறியவராகிவிடவில்லை. அறியாமல் செய்த பிழையும் அறிந்தே செய்யும் பிழையும் ஒன்றல்ல. அவர் காலத்தில் பொந்தின் உண்மை எவருக்கும் தெரியாது. மொட்டையடித்தலின் கேடு இன்று தொழில் கற்ற அனைவருக்கும் தெரியும். தெரிந்தபின், வாடிக்கையாளர் கேட்டார் என்ற விடைக்கு வலுவில்லை. பயிற்சியும் நிறுவனத்தின் பெயரும் உடையவர் மறுக்கவேண்டும்; மறுக்கும் நிலையில் இல்லாத கூலித் தொழிலாளியிடம் அதை வற்புறுத்தாமல் இருப்பது நம் கடமை. என் வாசலில் நடந்ததில் பெரும்பங்கு என்னுடையது என்ற முடிவுக்கே வந்திருக்கிறேன். தொழில் தெரிந்தவர் தயங்கியபோது, அந்தத் தயக்கத்தைக் கூலியைக் காட்டி வாயடைத்தவன் நான்.

சென்ற ஆண்டு மழைக்கு முன் அதே தொழிலாளியை அழைத்தேன். எதை எடுக்கலாம் என்று அவரையே கேட்டேன். மரத்தை இருமுறை சுற்றிவந்து, மாடியை உரசிக்கொண்டிருந்த மூன்று நீர்ப்போத்துகளை மட்டும் காட்டினார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. முழு நாள் கூலியைக் கொடுத்தேன்.