தங்கவயலுக்கு மின்சாரம் தந்த திவான் சேஷாத்ரி ஐயர்

கோலார் தங்கவயலில் பாலகாட் என்று ஒரு பகுதி உண்டு. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஐந்து பெரிய சுரங்கங்களில் பாலகாட்டும் ஒன்று. பாலகாட் என்றால் கணவாய்க்கு மேலே உள்ள பூமி என்று பொருள். கேரளத்துப் பாலக்காடு வேறு. தங்கவயல் பாலகாட் வேறு. ஆனால் அந்தப் பாலக்காட்டில் பிறந்த ஒரு தமிழர்தான் இந்தப் பாலகாட்டுக்கும், தங்கவயல் முழுமைக்கும் மின்சாரம் வர வழி செய்தார்.

அவர் மைசூர் சமஸ்தானத்தின் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர்.

குமாஸ்தாவாகத் தொடங்கினார்

பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் 1845-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி சேஷாத்ரி ஐயர் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. தந்தை அனந்தநாராயண ஐயர் கோழிக்கோட்டில் வக்கீல். கோழிக்கோட்டிலும் திருவனந்தபுரத்திலும் படித்த சேஷாத்ரி, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1868-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். பி.ஏ. படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது.

முதலில் கோழிக்கோடு கலெக்டர் ஆபீசில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. அப்போது மைசூரில் பெரிய பதவியில் இருந்த ரங்காச்சார்லு, இளைஞரின் திறமையைக் கேள்விப்பட்டு அவரை அழைத்துக்கொண்டார். அதே 1868-ல் சேஷாத்ரி ஐயர் மைசூருக்கு வந்தார். கோர்ட்டில் சிரஸ்தார் உத்தியோகம். வேலை பார்த்துக்கொண்டே சட்டப் படிப்பையும் முடித்தார். படிப்படியாக உயர்ந்து துமகூரில் டெபுடி கமிஷனர் ஆனார்.

1881-ல் பிரிட்டிஷார் மைசூர் ராஜ்யத்தை மகாராஜா சாமராஜேந்திர உடையாரிடம் திரும்ப ஒப்படைத்தார்கள். ரங்காச்சார்லு முதல் திவானாக இருந்தார். 1883-ல் அவர் காலமானதும் சேஷாத்ரி ஐயர் திவான் பதவியை ஏற்றார். அப்போது வயது 37. அதன்பின் 18 ஆண்டுகள், 1901 வரை, அவரே திவான். மைசூர் சரித்திரத்தில் இவ்வளவு நீண்ட காலம் அந்தப் பதவியில் இருந்தவர் வேறு யாரும் இல்லை.

கஜானா காலி

பதவி மலர்ப் படுக்கையாக இல்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் மைசூர் சீமையில் லட்சக்கணக்கானோர் மடிந்திருந்தார்கள். கஜானாவில் பணம் இல்லை; கடன் இருந்தது. பிரிட்டிஷாருக்கு ஆண்டுதோறும் பெரும் தொகை கட்டவும் வேண்டும்.

இந்த நிலையில் கைகொடுத்தது தங்கம். ஜான் டெய்லர் கம்பெனி 1880-க்குப் பிறகு கோலார் சுரங்கங்களை நடத்தத் தொடங்கியது. எடுக்கும் தங்கத்தின் மதிப்பில் நூற்றுக்கு 5 பங்கு ராயல்டியாக சமஸ்தானத்துக்கு வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து ஏழைத் தமிழர்களும் தெலுங்கர்களும் குடும்பம் குடும்பமாக வந்து சுரங்கத்தில் இறங்கினார்கள். 1891-ல் சுமார் 7,000 பேர் வாழ்ந்த தங்கவயலில், 1901-ல் 38,000 பேர் இருந்தார்கள்.

முதலில் ரயில் வரவில்லை. பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, எல்லாமே மாட்டு வண்டியில் வர வேண்டும். இயந்திரம் ஆனாலும் சரி, அரிசி மூட்டை ஆனாலும் சரி, வண்டிச் சத்தம் சேர்ந்தே விலை ஆகும். 1894-ல் மாரிக்குப்பம் வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. பத்து மைல் நீளம்தான். ஆனால் கூலிக்காரனின் வீட்டு அடுப்புக்கும் வெளி உலகத்துக்கும் இருந்த தூரம் அன்று குறைந்தது. ஊருக்குப் போய் வரவும், ஊரிலிருந்து உறவினரை அழைத்துவரவும் வழி பிறந்தது.

அதே 1894-ல் பெங்களூருக்கு ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் கொண்டுவரும் திட்டமும் உருவாயிற்று. கிணற்றையும் ஏரியையும் நம்பியிருந்த பட்டணத்தில் பைப்பைத் திருகினால் தண்ணீர் வரத் தொடங்கியது.

விறகும் நிலக்கரியும்

ரயில் வந்தும் சுரங்கத்துக்கு ஒரு பெரும் செலவு குறையவில்லை. கல் இடிக்கும் மில், தண்ணீர் இறைக்கும் பம்பு, காற்றை அழுத்தும் கம்ப்ரெஸர் எல்லாமே நீராவியால் ஓடின. நீராவிக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். சுற்றுப்புறக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டு மொட்டையாயின. நிலக்கரியோ தொலைதூரத்திலிருந்து ரயிலில் வர வேண்டும். சுரங்கம் ஆழமாகப் போகப் போக எரிபொருள் செலவும் கூடவே போயிற்று.

அப்போது காவிரியின் சிவசமுத்திர அருவி எல்லோர் கண்ணிலும் பட்டது. விழும் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று தெரிந்ததும், உரிமை கேட்டுத் தனியார் முன்வந்தார்கள். சேஷாத்ரி ஐயர் யோசித்தார். அருவியைத் தனியாருக்கு விட்டால், மின்சாரத்தின் விலையைத் தனியாரே வைப்பார்கள், லாபமும் அவர்களுக்கே. சமஸ்தானமே முதல் போட்டு நடத்தினால் வருமானம் மக்களின் கஜானாவுக்கு வரும். இரண்டாவது வழியையே அவர் தேர்ந்தார்.

அது துணிச்சலான முடிவு. மைசூர் எஞ்சினியர் லோட்பினியர் என்ற ராணுவ அதிகாரி, 1899-ல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று இயந்திரங்களைப் பார்த்து வந்தார். மின் இயந்திரங்களுக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியும், தண்ணீர்ச் சக்கரங்களுக்கு ஸ்விட்சர்லாந்தின் எஷர் வைஸ் கம்பெனியும் பொறுப்பேற்றன.

சுரங்க முதலாளிகளுடன் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யப்பட்டது. முதல் ஆண்டில் ஒரு குதிரைச் சக்திக்கு அதிக விலை. பிறகு படிப்படியாகக் குறைந்த விலை. இதனால் சமஸ்தானம் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். சுரங்கத்துக்கும் நிலக்கரியைவிட மலிவாகச் சக்தி கிடைக்கும். தண்ணீரோ சக்கரத்தைச் சுற்றிவிட்டு மீண்டும் ஆற்றிலேயே கலந்துவிடும். கீழே உள்ள தஞ்சை உழவனுக்கு அதனால் ஒரு சொட்டும் குறையாது.

பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை

1894-ல் மகாராஜா காலமானார். இளவரசர் சிறுவர். மகாராணி வாணிவிலாச சன்னிதானம் ரீஜண்டாக இருக்க, நிர்வாகப் பாரம் திவான் மேல் விழுந்தது. 1898-ல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. நெருக்கடியைக் குறைக்க பசவனகுடியும் மல்லேசுவரமும் புதிதாக எழுந்தன.

வெளியூர்க்காரர், சென்னைப் பக்கத்தாருக்கே உத்தியோகம் கொடுக்கிறார் என்ற மனக்குறை மைசூர்க்காரர்களிடம் வளர்ந்தது. படித்த உள்ளூர் இளைஞர்களின் அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்னொரு மாநிலத்தில் பிழைக்கும் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

உழைப்பு உடலைத் தின்றது. 1901 மார்ச்சில் ஓய்வு பெற்றார். செப்டம்பர் 13-ந் தேதி தமது 56-ம் வயதில் பெங்களூரில் காலமானார்.

அடுத்த ஆண்டு, 1902 ஜூன் 30-ந் தேதி, சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தூரம் கம்பியில் ஓடி மின்சாரம் தங்கவயலை அடைந்தது. இந்தியாவில் நீர் மின்சாரத்துக்கு இது முதல் அல்ல. டார்ஜிலிங்கில் 1897-லேயே சிறிய நிலையம் வந்துவிட்டது. ஆனால் இத்தனை தூரம் மின்சாரத்தைக் கொண்டுபோனது அன்றைக்கு உலகமே வியந்த காரியம். அதைப் பார்க்க சேஷாத்ரி ஐயர் இல்லை.

யாருக்கு வெளிச்சம்?

மின்சாரம் முதலில் மனிதனுக்காக வரவில்லை. மில்லுக்கும் மோட்டாருக்கும் வந்தது. சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளியின் கையில் அப்போதும் மெழுகுவத்திதான். பிறகு கார்பைடு விளக்கு. பங்களாக்களில் பல்பு எரிந்தது. லைன் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு நீண்ட காலம் புகைந்தது. புதிய சக்தியால் சுரங்கம் இன்னும் ஆழமாயிற்று. தங்கம் பெருகியது, ஏர் பிளாஸ்ட் என்ற பாறை வெடிப்பும் பெருகியது. லாபம் ஒரு பக்கமும் ஆபத்து இன்னொரு பக்கமும் சேர்ந்தன.

ஆனாலும் சுரங்கத்துக்காகப் போட்ட கம்பியே ஊர்களுக்கும் வழி காட்டியது. 1905 ஆகஸ்டில் பெங்களூர் வீதியில் மின்விளக்கு எரிந்தது. பிறகு வீடுகள், மாவு மில்கள், நெசவு ஆலைகள் என்று பரவியது. சுரங்கம் என்ற ஒரு பெரிய வாடிக்கையாளர் இல்லாவிட்டால், சின்ன வாடிக்கையாளருக்கு அவ்வளவு சீக்கிரம் வெளிச்சம் வந்திருக்காது. கோடையிலும் சுரங்கத்துக்குத் தடையில்லாமல் மின்சாரம் தர வேண்டியிருந்தது. 1911-ல் கிருஷ்ணராஜசாகர் அணை வேலை தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ந் தேதியுடன் மூடப்பட்டது. சங்கு ஓசை நின்றது. இன்று தங்கவயல் மக்கள் விடியற்காலையிலேயே ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் ஏறுவது 1894-ல் திறந்த அதே பாதையில். இறங்கும் பட்டணத்தில் சேஷாத்ரிபுரம் இருக்கிறது. கப்பன் பூங்காவில் 1913-ல் திறந்த திவானின் சிலை நிற்கிறது. அதன் அருகில் உள்ள சிவப்புக் கட்டடம் அவர் நினைவாக எழுந்தது. இன்று அது நூல் நிலையம்.

மின்சாரக் கட்டணம் ஏறும்போது முணுமுணுக்காத வீடு இல்லை. அந்த மின்சாரத்தின் லாபம் யார் கைக்குப் போக வேண்டும் என்ற கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் சேஷாத்ரி ஐயர். பொதுமக்களின் கஜானாவுக்கு என்று பதிலும் சொன்னார். பலன் குடிசைக்கு எப்போது போய்ச் சேரும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு, அவருக்குப் பின் வந்தவர்களைச் சேர்ந்தது.